சந்தா பாக்கிக்காரனின் நன்றி மடல்

நம் ஊர் வியாபாரிகள் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், செயலாளர் அண்ணாச்சிக்கும், சங்கத்தில் இருந்தும் இல்லாமலும் எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும், தூத்துக்குடி மாவட்டம் ஏரல் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

ஒரு வருடம் பிந்திய மடல் இது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 2024 பொங்கலுக்குக் கடையில் சேறு வழித்துக்கொண்டிருந்தேன். 2025 பொங்கலுக்குக் கல்லாவை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. பண்டிகை ஓய்ந்து இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சங்கத்தின்மேல் எனக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. மே 5 வணிகர் தினத்துக்கு வேன் பிடிப்பது, அமைச்சர் வந்தால் மாலை போடுவது, கடையடைப்பு என்றால் ஷட்டரை இறக்கச் சொல்வது, இதற்கு ஒரு சங்கமா என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசியவன் நான். மூன்று வருடச் சந்தா பாக்கி. ரசீது புத்தகத்தோடு தம்பி தெருமுனையில் வரும்போதே குடோனுக்குள் போய்விடுவேன். வருடாவருடம் செயலாளர் அண்ணாச்சி ஒரு படிவம் கொடுப்பார்: கடை முகவரி, குடோன் முகவரி, லைசென்ஸ் நகல், வரி எண், வங்கிக் கணக்கு, காப்பீட்டு பாலிசி நகல். "பெண் பார்க்க வருகிறீர்களா, ஜாதகம் வேண்டாமா?" என்று கேலி செய்தபடிதான் நிரப்பிக் கொடுத்தேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. மார்கழி முதல் நாள். கிறிஸ்துமஸ், பொங்கல் இரண்டுக்கும் சேர்த்துச் சரக்கு இறக்கி வைத்திருந்தேன். அன்று தொடங்கிய மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே இருக்கும் ஊர் நம்முடையது. மேலே பெய்ததும் நம்மிடம்தான் வரவேண்டும், குளங்கள் உடைந்ததும் நம்மிடம்தான் வரவேண்டும். வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலை நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நம் கடைத்தெரு தண்ணீருக்குள் கிடந்தது. பாலமும் அறுபட்டு, அக்கரை வேறு தேசமாகிவிட்டது.

தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது பார்த்ததை இன்னும் வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை. அரிசி ஊறிப் பெருத்து மூட்டைகளைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. சீனி அடுக்கிய இடத்தில் வெறும் சாக்குகள் மடிந்து கிடந்தன, உள்ளே ஒரு பிடிகூட இல்லை. உடன்குடிக் கருப்பட்டி கரைந்து தரையெல்லாம் பிசின். மூன்றாம் நாள் வாடையில் தெருவுக்குள் நிற்க முடியவில்லை. அந்த வாடைக்குள் வெறுங்கையோடு இறங்கியவர்கள் வெளியூர்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள். அழுகிய பருப்பை அள்ளிக்கொண்டே "முதலாளி, நீங்கள் தள்ளி நில்லுங்கள்" என்றார் ஓர் அம்மா. நான் முதலாளி இல்லை அம்மா, அன்றைக்கு என்னிடம் முதலே இல்லை. பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன். இந்த மடல் முதலில் உங்களுக்குத்தான்.

அடுத்தது செயலாளர் அண்ணாச்சிக்கு. சங்க அலுவலகம் மாடியில் இருந்ததால் அங்கிருந்த இரும்பு பீரோ நனையவில்லை. அதற்குள் நான் கேலி செய்த படிவங்கள் கடைவாரியாக, வருடவாரியாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. என் பில் புத்தகங்கள் கூழாகிவிட்டன. கம்ப்யூட்டர் சேற்றுக்குள். பாலிசி எந்த எண் என்றுகூடத் தெரியாமல் நின்றேன். அண்ணாச்சி கட்டைப் பிரித்து என் தாளை எடுத்து நீட்டினார். சந்தா பாக்கி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் ஒவ்வொரு கடையாக வந்து ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு தாள் கேட்டிருந்தால் அடுத்த பொங்கலும் போயிருக்கும். சங்க மாடியில் இரண்டு மேசை போட்டு, எல்லா நிறுவனங்களின் சர்வேயர்களையும் அங்கேயே வரவழைத்தீர்கள். கொள்முதல் பில் இல்லாதவர்களுக்கு வழி காட்டியவர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த அந்தத் தங்கை. நாம் வாங்கிய சரக்குக்கு விற்றவர் கணக்கு ஏற்றியிருந்தால் அது ஜிஎஸ்டி இணையதளத்தில் நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பி என்ற கொள்முதல் அறிக்கையில் இருக்கும், பில் தண்ணீரில் போனாலும் அது போகாது என்றார். ஆறு வருடமாக வரி கட்டுகிறேன், எனக்கு அது தெரியாது. நாற்பதுக்கு மேற்பட்ட கடைகளுக்கு அவர் பதிவிறக்கிக் கொடுத்தார், மதியச் சாப்பாட்டைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளாமல்.

கசப்பான செய்தியையும் அவர்தான் சொன்னார். வெள்ளத்தில் அழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, கிடையாது, ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பவேண்டும், ஜிஎஸ்டி சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்று. சரக்கும் போய், அதற்குக் கட்டிய வரியும் நம் தலையிலா என்று கத்தினேன். அவர் என்ன செய்வார் பாவம்? ஆனால் அன்றே தெரிந்ததால் சீனி, எண்ணெய், சோப்புக்குக் கணக்குப் போட்டுத் திருப்பிவிட்டேன். பக்கத்து ஊரில் தெரியாமல் விட்ட ஒருவர் பிறகு வட்டியோடு கட்டினார். நவம்பர் மாத ஜிஎஸ்டி கணக்கு டிசம்பர் 20க்குள் போகவேண்டியது. கரண்டே இல்லாத ஊரில் எங்கே போய் ஏற்றுவது? நீங்கள் மனு எழுதினீர்கள், மற்ற ஊர்ச் சங்கங்களும் எழுதியிருக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு ஜனவரி 10 வரை அவகாசம் வந்தது. நம் மனுவால்தான் வந்தது என்று பெருமை பேச மாட்டேன். கேட்கவே ஆள் இல்லாத ஊராக நாம் இருக்கவில்லை, எனக்கு அது போதும்.

என் காப்பீட்டுப் பணம் முழுதாக வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பாலிசியில் கடை முகவரி மட்டும் இருந்தது, குடோன் முகவரி இல்லை. குடோன் சரக்குக்கு ஒரு பைசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கம் இரண்டு முறை கடிதம் எழுதியும் நடக்கவில்லை. பிழை என்னுடையது. படிவத்தில் இரண்டு முகவரி கேட்ட அண்ணாச்சி, பாலிசியிலும் இரண்டு இருக்கிறதா என்று அப்போதே கேட்டிருக்கிறார். தலையாட்டியிருக்கிறேன். கடைத்தெருவில் மற்றவர்கள் இன்றே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

விருதுநகரில் என் பருப்பு வியாபாரிக்குப் பழைய பாக்கியே இருந்தது. தலைவர் அண்ணாச்சி போனில் அவரிடம் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுவாரம் லாரி வந்தது. "பழசு பழசாக இருக்கட்டும், புதுசுக்கு மாசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சீட்டு மட்டும். மாசியிலும் அவர் கேட்கவில்லை, சித்திரையில் நானே கட்டினேன். நன்றி அண்ணாச்சி, இருவருக்கும்.

சங்கக் கூட்டத்தில் ஒரு சண்டை நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். உதவியெல்லாம் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான் என்று சிலர் எழுந்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பாக்கிக்காரனான நான் தலையைக் குனிந்து கடைசிப் பெஞ்சில் இருந்தேன். அப்போது செயலாளர் அண்ணாச்சி மகமையைப் பற்றிப் பேசினார். நம் தாத்தாக்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த பொதுப்பணம். விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா அந்த மகமையிலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளி, காமராஜர் அங்கே படித்தவர். "பிடியரிசி போட்டவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் பாடம் என்று சொன்னார்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல யாரும் எழவில்லை.

அதிகம் நனையாத கடைக்காரர்கள் ஆறு மாதம் மூட்டைக்கு இரண்டு ரூபாய் எடுத்துவைத்தார்கள். அந்தப் பணத்தில் முதல் செலவு, சங்கத்தில் எந்தக் காலத்திலும் உறுப்பினராக இல்லாத தரைக்கடை அக்காமார்களுக்குத் தராசு. காய்கறியும் கருவாடும் விற்பவர்கள். அரசு கொடுத்த 6,000 ரூபாய் வீட்டுச் சட்டிபானைக்கே சரியாகப் போயிருந்தது. நனைந்த மின்தராசுகளைப் பழுது பார்த்தாலும், எடை சரி என்று அரசு போடும் மறுமுத்திரை இல்லாமல் வைக்கக்கூடாது. அதற்கும் தொழிலாளர் துறையிடம் பேசி, ஒரே நாளில் கடைத்தெருவிலேயே முத்திரை போட ஏற்பாடு செய்தீர்கள். தராசு வந்த அன்று கருவாட்டுக்கார அக்கா சங்க மாடிக்கு ஒரு பொட்டலம் நெத்திலி கொண்டுவந்தார். செயலாளர் அண்ணாச்சி சைவம். வாங்கி வைத்துக்கொண்டு விழித்ததைப் பார்த்து, வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கடைத்தெருவே சிரித்தது.

மூன்று வருடப் பாக்கியையும் நடப்பு வருடத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டேன், ரசீது என்னிடம் இருக்கிறது. பாலிசியில் குடோன் முகவரியும் ஏறிவிட்டது. இந்த வருடப் படிவத்தை யாரும் கேட்பதற்கு முன்பே நிரப்பி, மாடி பீரோவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சந்தாத் தம்பிக்கு மட்டும் தனியாக ஒரு வரி. அடுத்த முறை வரும்போது, முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று பழக்கதோஷத்தில் கடைப் பையன் சொன்னால் நம்பாதே. நேராகக் குடோனுக்கு வா.

நன்றியுடன்,
ஏரல் கடைத்தெரு மளிகைக்காரன்