ஓமன் மக்களோட 1913 எழுச்சியை ஒரே வரியில மதவெறின்னு முடிச்சிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல மஸ்கட் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். கோட்டை, துறைமுகம், சூக் எல்லாம் அழகா எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல போற போக்குல மதவெறி பிடிச்ச மலைவாசிங்க கலவரம் பண்ணாங்க, பிரிட்டிஷ்காரங்க வந்து அடக்கி சுல்தானை காப்பாத்தினாங்கன்னு ஒரு வரி. அது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. நான் மஸ்கட் பக்கத்துல ரூவியில வேலை பார்த்துட்டு வந்தவன், இங்க செம்பூர், தாராவி, முலுண்ட்னு எத்தனையோ தமிழ் குடும்பங்க அந்த ஊர் சம்பளத்துல வளர்ந்தவங்க, நம்மளே அந்த மக்களோட சரித்திரத்தை இப்படி தள்ளிவிட்டா எப்படி சார்?

முதல்ல அது கும்பல் கலவரமே இல்ல. 1913 மே மாசம் மலைநாட்டு கோத்திரத்துக்காரங்க தனூஃப்ங்கிற மலையடிவார ஊர்ல கூடி, அவங்க இபாதி மரபுப்படி (இஸ்லாத்துல அது ஒரு தனிப் பிரிவு) சாலிம் பின் ராஷித் அல் கரூசிய இமாமா, அதாவது மார்க்கத்துக்கும் ஆட்சிக்கும் தலைவரா, தேர்ந்தெடுத்தாங்க. இபாதிகளுக்கு இமாம் பதவி அப்பனுக்கு அப்புறம் மகன்னு வர்றது இல்ல, அறிஞருங்களும் கோத்திரத் தலைவருங்களும் சேர்ந்து தகுதியானவரை நிறுத்துவாங்க, தப்பா போனா இறக்கவும் செய்யலாம். இதுக்கெல்லாம் பின்னால நின்னு எல்லாரையும் ஒண்ணு சேர்த்தவர் அப்துல்லா அல் சாலிமிங்கிற பெரிய மார்க்க அறிஞர், கண் பார்வை இல்லாதவர். ஹினாவி, கஃபிரின்னு தலைமுறை தலைமுறையா அடிச்சிக்கிட்ட ரெண்டு அணியில, ஹினாவி பக்கம் ஈசா பின் சாலிஹ், கஃபிரி பக்கம் ஹிம்யர் பின் நாசர், ரெண்டு பேருமே ஒரே இமாம் பின்னாடி வந்தாங்க. அந்த ஊர் கோத்திர அரசியல் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். ஜூன்ல உள்நாட்டு ஊரான நிஸ்வா அவங்க கையில, அடுத்தடுத்து இஸ்கி, சமாயில் ஊருங்களும்.

கோபம் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா நேரா நம்ம நாட்டுக்குத்தான் வரணும். மஸ்கட் வழியா துப்பாக்கி எதிர்க்கரையில பலூச்சி நாட்டு மக்ரான் கரைக்கு போயி, அங்கிருந்து ஆப்கான் எல்லைக்கு போயி பிரிட்டிஷ் இந்திய பட்டாளத்து மேலேயே திரும்பிச்சு, அதனால சுல்தான் ஃபைசலை நெருக்கி 1912ல ஆயுத வியாபாரத்தை எல்லாம் ஒரே கிடங்குக்குள்ள அடைக்க வெச்சாங்க. சுல்தானுக்கு நஷ்ட ஈடு கிடைச்சுது, மலையில இருக்கிறவனுக்கு என்ன கிடைச்சுது? துப்பாக்கியும் தோட்டாவும் இல்லாம அங்க ஒரு கோத்திரம் தன் தண்ணியையும் பேரீச்சந்தோப்பையும் காப்பாத்திக்க முடியாது. அதோட மதுவும் புகையிலையும் துறைமுகத்துல தாராளமா இறங்குது, சுல்தான் வெள்ளைக்காரன் சொல்றபடி ஆடுறார்ங்கிற ஆத்திரமும் சேர்ந்துச்சு. மார்க்கம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா மார்க்கம் மட்டும்தான்னு சொல்றது நியாயமில்ல.

இமாம் தரப்பு எல்லாத்துலயும் சரின்னும் நான் சொல்ல மாட்டேன். அடிமை வியாபாரத்தை பிரிட்டிஷ்காரங்க தடுத்ததும் அவங்க கோபத்துக்கு ஒரு காரணம், அதை மறைச்சு எழுதினா அதுவும் பொய்தான். அந்த அடிமைங்களோட பக்கத்துல இருந்தும் யாராவது எழுதணும்னு ஆசைப்படுறேன்.

கட்டுரையில பிரிட்டிஷ்காரங்க காப்பாத்தினாங்கன்னு இருக்கே, யார் சார் காப்பாத்தினது? ரூவியில பைத் அல் ஃபலஜ்னு வெள்ளை அடிச்ச கோட்டை ஒண்ணு இருக்கு, இப்ப ராணுவ மியூசியம், அங்க வேலை பார்த்த நம்ம ஆளுங்க பல பேர் பஸ்ல தாண்டி போயிருப்பாங்க. சுத்தி பார்த்தா புல்லு பூண்டு இல்லாத காஞ்ச பாறை மலைதான், அதைத் தாண்டினா மத்ரா துறைமுகம், அப்புறம் மஸ்கட். 1915 ஜனவரியில சுமார் 3,000 பேர் அந்த மலைப்பக்கமா இறங்கி வந்தாங்க, எதிர்ல நின்னது ஏறக்குறைய 700 பேர், அத்தனையும் இந்திய சிப்பாய்ங்க, மேல வெள்ளைக்கார அதிகாரிங்க. அதுல 102ஆம் கிரெனடியர்ஸ் யாருன்னா பழைய பம்பாய் பட்டாளம்தான். நூத்துக்கணக்குல கோத்திரத்து ஆளுங்க செத்தும் காயப்பட்டும் விழுந்தாங்க. சண்டை யாரோடதுன்னே தெரியாம கிராமத்துல இருந்து போன நம்ம சிப்பாய், தன் ஊரை காப்பாத்திக்க வந்தவன சுட்டான். இந்த பக்கத்த ஒரு மும்பை பேப்பர் எழுதலைன்னா வேற யாரு எழுதுவாங்க?

அடக்கிட்டாங்கன்னு எழுதினதும் பாதிதான் உண்மை. மஸ்கட் பிழைச்சுது, அவ்வளவுதான், மலைநாடு சுல்தானுக்கு திரும்பவே இல்ல. 1920 ஜூலையில இமாம் சாலிம் கொல்லப்பட்டார், முகமது பின் அப்துல்லா அல் கலீலி இமாமானார், அந்த செப்டம்பர் 25ந்தேதி சீப்ங்கிற கடற்கரை ஊர்ல சுல்தான் தரப்பும் இமாம் தரப்பும் ஒப்பந்தம் போட்டாங்க. உள்நாட்டுல இருந்து வர்ற சரக்குக்கு 5 சதவீதத்துக்கு மேல வரி கூடாது, உள் விவகாரத்துல சுல்தான் தலையிடக்கூடாது, பதிலுக்கு இமாம் தரப்பு ஆளுங்க கடற்கரை ஊருங்க மேல படையெடுக்க மாட்டாங்க. வெறும் கும்பலோட யாராவது இப்படி ஒப்பந்தம் போடுவாங்களா? அது 30 வருஷத்துக்கு மேல நின்னுச்சு. அப்புறம் எண்ணெய் கம்பெனி உள்ள வரணும்னு ஆனதும்தான் எல்லாம் உடைஞ்சுது, 1955 டிசம்பர்ல நிஸ்வா போச்சு, 1957ல மறுபடி எழுந்தப்ப பிரிட்டிஷ் விமானங்க குண்டு போட்டுச்சு, முதல் இமாமை தேர்ந்தெடுத்த அதே தனூஃப் மண்ணோட மண்ணாச்சு. இன்னைக்கும் இடிஞ்ச மண் சுவருங்க அப்படியே நிக்குது, ஜெபல் அக்தர் மலைப்பக்கம் போறவங்க பார்க்கலாம்.

இன்னொன்னும் உங்க நிருபருக்கு சொல்லணும். ஃபைசல் 1913 அக்டோபர்லயே காலமாகிட்டார், அதுக்கப்புறம் இந்த எழுச்சிய எதிர்கொண்டது அவர் மகன் சுல்தான் தைமூர். கடனும் சண்டையும் அலுத்துப்போயி 1932ல பதவிய மகன்கிட்ட விட்டுட்டு போனவர், 1965ல இறந்தது நம்ம பம்பாய்ல. அதே வருஷம்தான் ஐ.நா. பொதுச்சபை ஓமன் மக்களோட சுயநிர்ணய உரிமைய ஒத்துக்கிட்டு தீர்மானம் போட்டுச்சு. ஒரு சுல்தான் நம்ம ஊர்ல இருந்து இறந்திருக்காரு, அவரைப் பத்தி தமிழ்ல ஒரு பக்கம் படிச்ச ஞாபகம் எனக்கு இல்ல.

அதனால அந்த ஒரு வரிக்கு திருத்தம் போடுங்க, முடிஞ்சா அடுத்த இணைப்புல பைத் அல் ஃபலஜ் சண்டையில போன இந்திய சிப்பாய்ங்களைப் பத்தி ஒரு முழு கட்டுரை போடுங்க. இங்க எல்ஃபின்ஸ்டன் காலேஜ் கட்டடத்துல இருக்கிற மகாராஷ்டிரா ஆவணக் காப்பகத்துல பழைய பம்பாய் அரசாங்க ஃபைலுங்க இருக்கு, உங்க நிருபர் ஒருத்தரை அங்க அனுப்பி தேட சொல்லுங்க.

இப்படிக்கு,
செம்பூர் வாசகர், மும்பை