பயிற்சி வகுப்பை விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள்

இளம் அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

முதலாமாண்டு மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். எங்கள் துறையில் வகுப்பு முடிந்து மாலை நான்கு மணிக்குக் கணக்குப் பயிற்சி உண்டு. விருப்பமுள்ளவர்கள் வரலாம். வருவது பெரும்பாலும் விடுதி மாணவர்களும் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களும்தான்.

போன பருவத்தில் ஒரு பையன் ஒரே ஒரு நாள் வந்தான். 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 250 மில்லி கரைசலாக்கினால் மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல், எவ்வளவு என்று கேட்டிருந்தேன். 4-ஐ, ஒரு மோலின் எடையான 40 கிராமால் வகுத்து 0.1 மோல் என்று சரியாகவே எழுதினான். அப்புறம் அதை 250-ஆல் வகுத்து 0.0004 என்று முடித்துவிட்டான். "மில்லியா, லிட்டரா?" என்று கேட்டதும் அவனே அடித்துவிட்டு 0.4 என்று எழுதினான். இரண்டு நிமிட வேலை. மறுவாரம் ஆளைக் காணோம். கேட்டதற்கு, "அஞ்சு மணிக்குக் கடையில இருக்கணும் சார்" என்றான். அந்தத் தாளில் அவனுக்கு அரியர்.

பயிற்சிக்கு வந்தவர்கள் நல்ல மார்க் வாங்கினார்கள், வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று பேசிக்கொள்கிறோம். வந்தவர்களில் பலர் வராமல் இருந்திருந்தாலும் தேறியிருப்பார்கள். இதை வைத்து வராதவனை எடைபோடுவது நியாயமே இல்லை.

நேரம் இருப்பவர்களும் பயிற்சியைவிட நோட்ஸைத் திரும்பப் படிப்பதையே விரும்புகிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இந்த இரண்டில் எது நினைவில் நிற்கிறது என்று சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. இது தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் முடிவை விட்டுவிடுகிறோம்.

2014-இல் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்கள் தாங்களே செய்து பழகிய வகுப்புகளில் 21.8. அந்தப் பழக்கம் பெரும்பாலும் வகுப்பு நேரத்துக்குள்ளேயே நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே பயிற்சிக்கு ஒதுக்குங்கள். இன்டர்னல் 25 மார்க்கில் ஐந்தை, விடை சரியா தவறா என்று பார்க்காமல் முயன்றதற்கே கொடுங்கள். போர்ஷன் முடியாது என்பீர்கள். சரி, ஒவ்வொரு யூனிட்டிலும் கொஞ்சம் குறையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால், மாணவர்கள் அடித்துத் திருத்திய தாள்களோடு வருகிறேன்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்