ரெக்கார்ட் போட்டது முழு ஆட்டம், கிடைத்தது தோற்ற பாதி: உங்கள் பெட்டியைப் பற்றி ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: விளையாட்டுத் தொகுப்பும் அழிந்துபோன ஆட்டங்களும்

வணக்கம்.

தீபாவளிக்கு உங்கள் நிறுவனம் எனக்குத் தமிழில் வாழ்த்து அனுப்பியது. அப்படியானால் தமிழில் ஒரு புகாரைப் படிக்கவும் அங்கே ஆள் இருப்பார் என்று நம்பி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு எல்லாம் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்துகொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி. ஹாங்காங்கின் காய் டாக் அரங்கில் ஹாங்காங்குடன் சிங்கப்பூர் ஆடிய ஆசியக் கிண்ணக் காற்பந்துத் தகுதிச் சுற்று ஆட்டம். எனக்கு அன்று இரவு வேலை. கிளம்புவதற்கு முன் நீங்கள் கொடுத்த டிவி செட்-டாப் பெட்டியில் ரெக்கார்ட் போட்டேன். வேலையிடத்தில் கைப்பேசியை அணைத்து லாக்கரில் வைத்துப் பூட்டினேன். ஸ்கோரை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று சாப்பாட்டு இடைவேளையில்கூடத் தனியாகத்தான் உட்கார்ந்தேன். காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, கோப்பியோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். முதல் பாதியில் ஹாங்காங்கின் மேட் ஓர் கோல் போட்டார். நாம் 1-0 என்று பின்தங்கினோம். சரி, இதே தகுதிச் சுற்றில் கோவாவில் நடந்த ஆட்டத்திலும் இந்தியாதானே முதலில் போட்டது, நம் சொங் வீ யோங் இரண்டு கோல் அடித்துத் திருப்பவில்லையா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இடைவேளை விசில் அடித்தது. இரண்டு விளம்பரம் ஓடியது. அப்புறம் கறுப்புத் திரை. மூலையில் உங்கள் பிழை எண், பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு இரண்டு இரண்டாக மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த மாடலில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். ஷவால் அனுவார் சமன் செய்தார், சில நிமிடத்திலேயே இல்ஹான் ஃபாண்டி இரண்டாவதை அடித்தார். 2-1. 1984-ல் போட்டியை நடத்திய நாடு என்பதால் ஆசியக் கிண்ணத்தில் ஆடினோம். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போவது இதுதான் முதல் தடவை. நான் பையனாக இருந்த நாளிலிருந்து காத்திருந்த இரவு அது. எனக்குக் கிடைத்ததோ நாம் தோற்றுக்கொண்டிருந்த பாதி.

அன்றே உங்கள் ஹாட்லைனைக் கூப்பிட்டேன். பாட்டுக் கேட்க வைத்தீர்கள், கேட்டேன். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றினீர்கள், பொறுத்துக்கொண்டேன். கடைசியாக வந்தவர் ஒரு தமிழ்த் தம்பி. அப்பாடா, நம்ம ஆள் என்று நினைத்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அது காலேஜ் மேட்சா அங்கிள்?" தேசிய அணி என்றேன். "ஓ, லோக்கல் ஃபுட்பால். அதையெல்லாம் யார் பாக்குறா? ஹைலைட்ஸ் யூடியூப்ல இருக்கும், பாத்துக்குங்க. இங்கிலீஷ் பிரீமியர் லீக் உங்களுக்கு ஒழுங்காத்தானே வருது?"

இந்த உரையாடலை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள். உங்கள் பெட்டி செய்யாவிட்டாலும் உங்கள் ஹாட்லைன் பதிவு செய்யும் என்றுதான் ஆரம்பத்தில் ஒரு குரல் சொல்கிறது. போட்டுக் கேளுங்கள்.

அந்தத் தம்பிக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், மேலாளர் அவர்கள் மன்னிக்கவும். 1993-ல் காலாங் பழைய அரங்கில் புருணைக்கு எதிராக நம் ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தி தலைகீழாகப் பறந்து உதைத்த கோலை நேரில் பார்த்தவன் நான். 1994-ல் ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று அடித்து மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது தெருவில் இறங்கிக் கத்தியவன். 1996-ல் நம் உள்ளூர்க் காற்பந்து லீக்கான எஸ்-லீக் ஆரம்பித்த நாளிலிருந்து டிக்கெட் வாங்கிப் பார்க்கிறேன். ஒன்பது தடவை பட்டம் வென்ற வாரியர்ஸ் அணி 2020-லிருந்து லீக்கிலேயே இல்லை, அதற்காக வருத்தப்படுகிற சிலரில் நானும் ஒருவன். ஹோம் யுனைடெட் அணியைத் தனியார் வாங்கி லயன் சிட்டி செய்லர்ஸ் ஆக்கியதில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. பணத்தைக் கொட்டி வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தால் உள்ளூர்ப் பையன் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். தெம்பனிஸ் ரோவர்ஸ் ஆடுகிற காற்பந்துதான் என் கண்ணுக்கு அழகு. லீக்கில் ஆடும் இளையர் அணியான யங் லயன்ஸை ஆண்டுதோறும் அடிவாங்க விட்டுவிட்டு அனுபவம், அனுபவம் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. திட்டுவேன், வாரம் முழுக்கத் திட்டுவேன். ஆனால் பார்க்காமல் இருக்க மாட்டேன். யார் பார்க்கிறார்கள் என்றால் நான் பார்க்கிறேன். மாதாமாதம் உங்களுக்கு வெள்ளி கட்டிப் பார்க்கிறேன்.

காலேஜ் மேட்ச் என்றால் மட்டும் என்ன இளக்காரம்? ஜாலான் புசாரில் விக்டோரியா, செயின்ட் ஆண்ட்ரூஸ் தொடக்கக் கல்லூரிகள் மோதும் ஆட்டத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் பாட ஆரம்பித்தால் தொண்டை கட்டும் வரை நிறுத்த மாட்டார்கள், நம் லீக் ஆட்டங்களில் பாதிக்கு அந்தச் சத்தம் கிடையாது. தேசிய அணிக்கு ஆடப் போகிறவன் அங்கிருந்தும்தான் வர வேண்டும்.

எங்கே விட்டேன்? ஹாட்லைனில். அதற்கப்புறம் பெட்டியை ஜூரோங் ஈஸ்ட் சேவை மையத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். ஈசூனிலிருந்து அந்தக் கோடிக்கு, இரவு வேலை முடிந்த கண்ணோடு, ஃபேர்பிரைஸ் பையில் பெட்டியைப் போட்டுக்கொண்டு எம்ஆர்டியில் வந்தேன். வரிசை எண் எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தேன். முகப்பிலிருந்த பெண் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ரிமோட் எங்கே? அடாப்டர் எங்கே? அதெல்லாம் இல்லாமல் மாற்ற முடியாது." செய்தியில் அப்படி ஒரு சொல் இல்லையே என்று என் கைப்பேசியைக் காட்டினேன். அவர் அடுத்த எண்ணை அழைத்துவிட்டார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதுபோல், வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் உங்களிடமிருந்து இன்னொரு செய்தி: இன்றைய சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

மறுபடி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். மாற்றிக் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழைய பெட்டியில் உள்ளதைப் புதியதில் ஏற்றித் தருவோம் என்று போனில் சொன்னது உங்கள் ஆள். ஏற்றாமலேயே அழித்ததும் உங்கள் ஆள். கோவா ஆட்டம் போயிற்று, டாக்காவில் பங்களாதேஷை 2-1 என்று வென்றது போயிற்று. 2025 மே 18 அன்று பீஷானில் செய்லர்ஸ் ஷார்ஜாவோடு ஆடிய ஆசியக் கிளப் போட்டியான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டமும் போயிற்று. செய்லர்ஸை எவ்வளவு திட்டினாலும் அன்று நான் அங்கேதான் இருந்தேன். தொண்ணூறு நிமிடம் முடிந்து கொடுத்த கூடுதல் நிமிடங்களில் செய்லர்ஸின் லெஸ்டியென் சமன் செய்தபோது முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது, எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவரின் முதுகுப்பை. கோலைப் பெட்டியில்தான் பார்த்தேன். சில நிமிடத்தில் ஷார்ஜா இன்னொன்று போட்டு ஜெயித்ததையும் அதே பெட்டியில்தான் மறுபடி மறுபடி பார்த்து நொந்துகொண்டேன். சிங்கப்பூர்க் காற்பந்தின் ஒரு வருடச் சரித்திரத்தை ஒரே பொத்தானில் துடைத்துவிட்டீர்கள். இதற்கு நீங்கள் காட்டிய ஈடு என்ன? பத்து வெள்ளி வவுச்சர், அதுவும் அடுத்த ஒப்பந்தத்தில் கழித்துக்கொள்ள!

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. பல வருட வாடிக்கையாளன், உங்கள் இணையச் சேவையைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: ஹாங்காங் ஆட்டத்தை முழுதாகப் பார்க்க ஒரு வழி செய்யுங்கள். பெட்டி பழுதாகக் கிடந்த காலத்துக்கான சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள். அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்க வேண்டாம், பாவம். தேசிய அணி சிங்கப்பூரில் ஆடும் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், போதும்.

இரண்டு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்ட ஒரு மனிதரிடமிருந்து பதில் வரவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன். அதிலும் சரிவராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே மனுப் போட எனக்குப் பத்து வெள்ளிதான் செலவு, உங்கள் வவுச்சரின் விலை. ரிமோட், அடாப்டர், எல்லாக் குறுஞ்செய்திகளின் படங்கள் அனைத்தையும் கையோடு கொண்டுவருவேன்.

காலையில் தூங்குவேன். பகல் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாடிக்கையாளர்