தை அமாவாசைக்கு வரப்போகும் நண்பனுக்கு

கல்லிடைக்குறிச்சி,
3.12.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கரையை உரசிக்கொண்டு போகிறது. பிசானப் பருவ நெல்லுக்கு நட்டவர்கள் முகத்தில் இந்த வருடம் தெளிச்சி தெரிகிறது. சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. வீடு முழுக்க அவள் அழுகையும் வசம்பு வாசனையும்தான். தங்கச்சி கேட்ட அப்பளத்தை நல்ல வெயில் வந்ததும் வாங்கி அனுப்புகிறேன்.

நவம்பர் 26, அரசியலமைப்பு நாளன்று பள்ளிக்கூடத்தில் அடிப்படைக் கடமைகள் பற்றிப் பேசப் போகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? அதற்கு நான்கு பக்கம் கோபமாக எழுதியிருக்கிறாய். "அவசரநிலையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த நேரத்தில் கொண்டுவந்த கடமைகளைப் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்லிக்கொடுக்கிறாய்? உரிமையைக் கேட்டு வாய் திறப்பவனை அடக்க அது ஒரு சாட்டை" என்கிறாய்.

நீ சொல்லும் வரலாறு சரிதான். 1949-ல் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பில் குடிமகனின் கடமைகள் என்று தனிப் பகுதி இல்லை. ஸ்வரண் சிங் குழு பரிந்துரைக்க, 1976-ல் 42ஆவது திருத்தத்தின் வழியாக 51ஏ பிரிவு வந்தது. 1977 ஜனவரி 3 முதல் நடைமுறைக்கு வந்த அந்தப் பத்துக் கடமைகளோடு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் படிக்கவைக்க வேண்டும் என்ற பதினொன்றாவதை 2002-ல் சேர்த்தார்கள். அவசரநிலை முடிந்து ஆட்சி மாறிய பிறகு, 1978-ல் 44ஆவது திருத்தத்தில் பழைய திருத்தத்தின் பல பகுதிகளை நீக்கினார்கள். ஆனால் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும் இந்தக் கடமைகளில் கை வைக்கவில்லை. அதையும் நீ யோசிக்க வேண்டும்.

சாட்டை என்ற உன் பயத்துக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். முதல் கடமையே அரசியலமைப்பையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பதுதான். 1985-ல் கேரளத்தில், தங்கள் மத நம்பிக்கை காரணமாக தேசிய கீதத்தைப் பாடாமல் எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறு வருடம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக எழுந்து நின்றவர்கள் கீதத்தை அவமதிக்கவில்லை, பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது. கடமையைக் காட்டி உரிமையைப் பறிக்க முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன்.

பேசி முடித்ததும், பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, இதைச் செய்யாவிட்டால் என்ன தண்டனை?" என்று கேட்டான். 51ஏ பிரிவில் தண்டனை எதுவும் எழுதவில்லை, கொடியை அவமதிப்பது, பொதுச் சொத்தை உடைப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனிச் சட்டங்கள் உண்டு என்றேன். "அப்படியானால் யார் செய்வார்கள்?" என்றான். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டேன். அவன்தான் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினான். சட்டைக் கை மேலே ஏறியபோது மணிக்கட்டைப் பார்த்தேன். கறுத்த கையில் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்த தடம் சுற்றிலும் ஓடியது. பல மாதம் கயிறு கட்டியிருந்த இடம். வாசலில் அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் பஸ் ஏறியதும் மறுபடி கட்டிக்கொள்வார்கள் என்று ஓர் ஆசிரியை பிறகு சொன்னார். எந்த நிறம் எந்தச் சாதி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்த வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. சரியான பரிந்துரை, நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் வாசலோடு தடை முடிந்துவிடுகிறது. மதம், மொழி, வட்டாரம், பிரிவு என்ற வேற்றுமைகளைத் தாண்டிச் சகோதர உணர்வை வளர்க்க வேண்டும் என்ற ஐந்தாவது கடமை, அந்தப் பையன் பஸ்ஸில் உட்கார்ந்து பையைத் திறக்கிறானே, அந்த நிமிடத்துக்காக எழுதப்பட்டது. அங்கே போலீசும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. அந்தக் கயிற்றை அவன் கையில் முதலில் கட்டிவிட்டது யார்? அப்பாவா, சித்தப்பாவா, தெருவில் மூத்தவர்களா? கடமை பற்றி நான் பேசியிருக்க வேண்டியது அவர்களிடம். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டிருக்கிறேன்.

"யார் செய்வார்கள்?" என்று கேட்டானே, அவனைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துப்போக வேண்டும். அதே நாங்குநேரிப் பக்கம்தான். நாம் கல்லூரி நாட்களில் சைக்கிளில் போனது நினைவிருக்கிறதா? வீட்டுக் கொல்லை மரத்தில் நாரை கூடு கட்டியிருக்கும், கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் பயமில்லாமல் தலைக்கு மேல் வந்து இறங்கும். 1994-ல்தான் அது சரணாலயம் ஆனது. அதற்கு எவ்வளவோ காலம் முன்பே, பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் வெடி கேட்டு அழாமலா இருந்திருப்பார்கள்? ஊர் சமாதானம் சொல்லியிருக்கிறது. காடு, ஏரி, ஆறு, வன உயிர்களைக் காத்து, உயிர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்ற ஏழாவது கடமையை டெல்லியில் எழுதும் முன்பே அந்த ஊர்க்காரர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஏழாவது கடமையை வைத்துத்தான் இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தை ஆரம்பித்ததிலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறேன்.

தை அமாவாசைக்குப் பாபநாசம் வந்து அத்தைக்குத் தர்ப்பணம் கொடுக்கப்போவதாகவும், அத்தை உடுத்திய பச்சைச் சுங்குடிச் சேலையைத் தாமிரபரணி ஆற்றில் விட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை, அதைச் செய்யாதே.

போன பங்குனியில், தண்ணீர் குறைந்திருந்தபோது, ஆற்றைச் சுத்தம் செய்ய வந்த இளைஞர்களோடு நானும் பாபநாசம் படித்துறையில் இறங்கினேன். கல்லிடுக்கில் ஒரு சேலையின் முந்தானை தெரிந்தது. பிடித்து இழுத்தேன், வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். அதோடு ஒரு வேட்டி, அதோடு பாவாடை, துண்டு, குழந்தைச் சட்டை என்று முறுக்கிப் பின்னிய வடம் போல வந்துகொண்டே இருந்தது. கருஞ்சேறும் அழுகல் நாற்றமும் கூடவே வந்தன. உள்ளே செத்த மீன் ஒன்று சுற்றிக் கிடந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதை வாங்கிக் கரையேற்றிய தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர், "ஐயா, இதில் ஒரு துணிகூட எங்கள் வீட்டுத் துணி இல்லை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. 1994-ல் என் அப்பாவின் வேட்டியை அதே படித்துறையில்தான் விட்டேன். அது எந்தக் கல்லில் சிக்கியதோ, யார் கை அதை எடுத்ததோ! அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை, நம் ஆறு ஓடுவது சுமார் 125 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டு, பல மாவட்டங்களின் குடிநீர், வயல் எல்லாம். நெல்லையில் சாக்கடை கலக்கிறது என்ற வழக்கில் 2024-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். சாக்கடையை நிறுத்துவது அரசின் வேலை. அதை விடாமல் கேட்க வேண்டும், நீ எழுதியது போல உரக்கக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் நம் கையிலிருந்து சேலை நழுவி ஆற்றில் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

தர்ப்பணத்துக்கு எள்ளும் தண்ணீரும் தர்ப்பையும் போதும். அத்தை ஆற்றுக்குப் போனால் படித்துறையில் கிடக்கும் வாழை இலையைக்கூடப் பொறுக்கிக் கரையில் போட்டுவிட்டுத்தான் குளிக்க இறங்குவார்கள். நாம் இரண்டு பேரும் ஈரத் தலையோடு ஓடிவரும்போது அந்த முந்தானையால்தான் துவட்டிவிடுவார்கள்.

அந்தச் சேலையை இங்கே கொண்டுவா. பழகிய பருத்திச் சேலையாக இருந்தால்தான் தொட்டிலுக்கு மெத்தென்று இருக்கும் என்று என் மனைவி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன் கடிதத்தைப் படித்துக்காட்டியதும், "அத்தை சேலையையா ஆற்றில் விடப்போகிறார்? என் பேத்திக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றாள். உத்தரத்தில் கொக்கி மாட்டியாகிவிட்டது.

எந்த ரயில், எந்தப் பெட்டி என்று முன்கூட்டியே எழுது. அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்