சூரைச்செடியின் கீழே ஒரு தூக்கம்

அன்புத் தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் அம்மாவின் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னேன். யாருடைய மகள் என்று அம்மாவுக்கு நினைவு வந்ததா தெரியாது. ஆனால் "ஆண்டவருக்கு நன்றி" என்று தெளிவாகச் சொன்னாள். இப்போதெல்லாம் அம்மா அப்படித் தெளிவாகப் பேசுவதே அபூர்வம். அதனால் உன் மகளுக்கு இதைக் கட்டாயம் சொல்.

கடிதத்தின் பின்பாதிதான் மனதை விட்டுப் போகவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, ஆராதனைக்குப் போய்வந்தும் மனம் ஆறவில்லை என்று எழுதியிருந்தாய். போதாக்குறைக்கு, "விசுவாசம் குறைந்துபோனதால்தான் இப்படி, இன்னும் அதிகமாக உபவாசித்து ஜெபி" என்று ஒருவர் சொன்னாராமே. படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. களைத்து விழுந்தவளின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது என்ன ஆறுதல்?

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்து ஒருதரம் நிதானமாக வாசி. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவன் எலியா தீர்க்கதரிசி. அடுத்த அதிகாரத்திலேயே ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து பெயெர்செபாவுக்கு ஓடுகிறான். கூட வந்த வேலைக்காரனையும் அங்கே விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். அங்கே கர்த்தர் அவனிடம் "உன் விசுவாசம் எங்கே போயிற்று" என்று கேட்டாரா? தூங்கவிட்டார். பிறகு தூதன் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டான்! அதற்கும் திட்டு விழவில்லை. இரண்டாம் தரம் எழுப்பியபோது தூதன் சொன்னது, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது. இவன் எவ்வளவு களைத்திருக்கிறான், இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற தாயின் பேச்சு அது. கர்த்தர் அவனோடு பேசிய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டது, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். பிரசங்கங்களில் அந்தச் சத்தத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் வந்த தூக்கத்தைப் பற்றியும் யாராவது நமக்கு இதே அளவுக்குச் சொல்லியிருக்கலாம்.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." மத்தேயு 11:28. ஓய்வுநாள் பள்ளியில் நாம் இருவரும் மனப்பாடம் செய்த வசனம். அந்த அதிகாரம் முடிந்ததும் என்ன வருகிறது என்று கவனித்திருக்கிறாயா? ஓய்வுநாளைப் பற்றிய சண்டை. பசித்த சீஷர்கள் கதிர்களைக் கொய்து தின்றார்கள் என்று பரிசேயர் குற்றம் பிடிக்கிறார்கள். இளைப்பாறும்படி கொடுக்கப்பட்ட நாளையே பாரமாக்கி வைத்திருந்தார்கள். உபாகமம் 5-ல் அந்த நாளுக்குச் சொல்லப்படும் காரணம், நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், கர்த்தர் உன்னை அங்கிருந்து புறப்படப்பண்ணினார் என்பது. வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு" என்றும் அங்கே இருக்கிறது. விடுதலையானவர்களின் நாள் அது. அதைப்போய்த் தேர்வு மாதிரி ஆக்கலாமா? உன்னிடம் அதிகமாக உபவாசிக்கச் சொன்னவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஜெபத்தையே நீ நிறைவேற்ற வேண்டிய கணக்காக்கிவிட்டால், பிறகு எங்கே போய் இளைப்பாறுவாய்?

இயேசு வாருங்கள் என்றார். வருகிறவர்களுக்கு அவர் சொன்ன ஒரே அடையாளம் வருத்தப்பட்டுப் பாரம் சுமப்பது. அது உன்னிடம் இப்போது நிறையவே இருக்கிறது, இல்லையா?

நுகமும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு" என்று அடுத்த வசனத்திலேயே சொல்கிறார். உன் வீட்டுக்காரரின் தொழில், மாமியாரின் உடம்பு எல்லாம் நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். ஆனால் இது அத்தனையும் என் தோளில்தான் நிற்கிறது, நான் கொஞ்சம் அசந்தால் எல்லாம் விழுந்துவிடும் என்கிற நினைப்பு இருக்கிறதே, அதை அவரிடம் கொடுத்துவிடலாம். நான் நம்புகிற இளைப்பாறுதல் இதுதான்.

இது எனக்குப் பிடிபட்டது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் இரவுகளில். படுக்கைப்புண் வந்துவிடக்கூடாது என்று இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறேன். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து மெதுவாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணையை அணைவாக வைத்து, கணுக்கால் ஒன்றோடொன்று உரசாமல் நடுவே துணியை மடித்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நீளமான ஜெபம் எங்கே வரும்? "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்ற வரி மட்டும் வாயில் வரும். அவர் விழித்திருக்கிறார், சரி, அப்படியானால் அடுத்த அலாரம் வரை நான் தூங்கலாம் என்று போய்ப் படுத்துவிடுவேன். அதுவே எனக்கு ஜெபமாயிற்று. தூங்குவதும் ஒரு விசுவாசச் செயல்தான் என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. 127-ஆம் சங்கீதமும் "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்றுதானே சொல்கிறது?

இன்னும் சில இரவுகள் பயமாக இருக்கிறது. அம்மாவின் மூச்சில் சின்ன மாற்றம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அதனால் சமாதானம் போய்விட்டது என்று நான் நினைப்பதில்லை. "உம்மில் இளைப்பாறும்வரை எங்கள் இருதயம் அமைதியற்றிருக்கிறது" என்று எழுதிய பழங்காலத் திருச்சபைப் போதகர் அகஸ்டினையே எடுத்துக்கொள். 386-ல் மிலான் நகரத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது மனம் திரும்பியவர். பத்து வருஷத்துக்கும் மேலாகி, ஆயராக ஆன பிறகு அதையெல்லாம் எழுதும்போதும், தனக்கு இன்னும் இருக்கும் சோதனைகளை ஒன்றுவிடாமல் எழுதினார். 430-ல் அவர் ஆயராயிருந்த ஹிப்போ நகரத்தை வாண்டல்கள் என்ற படையெடுப்பாளர்கள் முற்றுகையிட்டிருந்தபோது, தாவீதின் மனந்திரும்புதல் சங்கீதங்களை எழுதிச் சுவரில் பொருத்தச் சொல்லி, மரணப்படுக்கையில் இருந்தபடியே வாசித்து வாசித்து அழுதார். இளைப்பாறுதலைப் பற்றி அவ்வளவு எழுதியவர் கடைசிவரை கண்ணீரோடுதான் ஜெபித்தார். கெத்செமனேயில் ஆண்டவரே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னாரே, அவரை யாராவது விசுவாசக் குறைவு என்பார்களா? அழுகை வந்தால் தாராளமாக அழு. வார்த்தை வராவிட்டால் "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்கிற 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை மட்டும் சொல்லிவிட்டுப் படு.

அப்புறம், தூக்கமின்மைக்கு ஒரு மருத்துவரைப் பார். இதை நான் ஆவிக்குரிய விஷயத்துக்கு வெளியே வைத்துச் சொல்லவில்லை. எலியாவுக்கு அடையும் தண்ணீரும் அனுப்பியவர் உன் உடம்பைக் குறைவாகவா நினைப்பார்? உடம்பு தேறும்வரை உபவாசம் வேண்டாம், உன்னிடம் அப்படிச் சொன்னவர் என்ன நினைத்தாலும் சரி.

அடுத்த மாதம் தங்கை வந்து அம்மாவுடன் ஒரு வாரம் இருப்பாள். அந்த வாரம் நான் உன் வீட்டுக்கு வருகிறேன். மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படுத்துத் தூங்கு. பேச வேண்டியதை எல்லாம் அப்புறம் பேசலாம். எந்தத் தேதி தோதுப்படும், மருத்துவர் என்ன சொன்னார் என்று இரண்டையும் எழுது.

உன் அன்புத் தோழி