ஆற்றோடு வரும் நைட்ரஜனுக்கு வரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2019 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு இரவு, சென்னையின் தென்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன். அள்ளிய நீர் விரலிடுக்கில் மின்னி வழிந்தது. அந்த ஒளிக்குக் காரணமான நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரி பெருகுவது கடலுக்கு நல்லதன்று என்று மறுநாள் படித்தபோது மனம் கனத்துப்போனது.

கழிவுநீரிலும் வயல் உரத்திலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் கடலின் நுண்பாசிகளுக்கு எருவாகின்றன. பாசி மிகுந்தால் அதைத் தின்னும் நாக்டிலூகாவும் மிகும். அது மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறும். அதே ஆண்டு பாம்பன், மண்டபம் பகுதியில், மீனவர்கள் 'பூங்கோரை' என்று சொல்லும் இதன் பச்சை வகை படர்ந்து, செத்த மீன்கள் கரை ஒதுங்கின. அங்கே நீரோட்டம், வெப்பம் போன்ற காரணங்களையும் எண்ண வேண்டும். ஆனால் சென்னையில் எருவைக் கொண்டுவந்து கொட்டுபவை கூவமும் அடையாறும்தான் என்பதில் ஐயமில்லை. கடல்நீர் மட்டம் இறங்கும் நேரத்தில் அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலத்தருகே நின்றால், கரிய நீர் ஒரு பட்டையாகக் கடலுக்குள் நீள்வதை யாரும் காணலாம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கூடிவருவது மகிழ்ச்சியே. ஆனால் அங்கிருந்து வெளியேறும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும், நைட்ரஜனை நீக்குவதற்கென்று தனிக் கட்டம் அமைக்காவிட்டால் அதன் பெரும்பகுதி நீரில் கரைந்தபடியே ஆற்றுக்கும், பின் கடலுக்கும் போய்விடும். இந்நிலையங்கள் வெளியேற்றும் நீருக்கான மத்திய அரசின் 2015 வரைவு விதிகளில் மொத்த நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பு இருந்தது. 2017இல் வந்த இறுதி அறிவிக்கையில் அது விடுபட்டுப்போனது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதே 10 மில்லிகிராமையும், பாஸ்பரஸுக்கு 1 மில்லிகிராமையும் வரம்பாக்கச் சொன்னது. கடலோர மாநிலமான தமிழ்நாடு, மத்திய விதிக்காகக் காத்திராமல், இனிக் கட்டும் நிலையங்களையாவது இந்த வரம்புக்குள் நிற்கும்படி வடிவமைக்க வேண்டும்.

கூவம், அடையாறு முகத்துவாரங்களில் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டின் அளவையும் மாதந்தோறும் எடுத்து, ஊரூர்குப்பத்து மீனவர் தாமே படித்தறியும்படி தமிழில் வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெசன்ட் நகர் வாசகர்,
சென்னை