பாஸ்வேர்டில் உன் பாதி

திருப்பாப்புலியூர்
ஆகஸ்ட் 24

அடியே ஓ.டி.,

பதினோரு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கே. பஸ்ல பாதி, அடுப்படியில பாதின்னு கேட்டு முடிக்கறதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நடுவுல மிக்சி வேற ஓடுது, அது உன் வீட்டு மிக்சியா என் வீட்டு மிக்சியான்னே தெரியலை. அதனால நான் எழுத்துலயே அனுப்பறேன். காபி போட்டு வெச்சுக்கிட்டுப் படி.

உன் மக ஆன்லைன்ல எவன்கூடவோ பேசிக்கிட்டிருக்காங்கற விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். திட்டாதே. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணி, "சித்தி, கடலூர்ல குண்டு சாலைக்கு ஏன் அந்தப் பேரு?"ன்னு கேட்டா. மஸ்கட்ல வளந்த பொண்ணு, லீவுக்கு வந்தா ஏ.சி. இல்லைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறவ, அந்த நேரத்துக்கு குண்டு சாலையைக் கேட்டா சந்தேகம் வராதா? "யாரு கேக்கறாங்க?"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் சித்தி. எப்பப் பாரு அவங்க ஊர்ப் பெருமைதான். மக்ரூன், துறைமுகம்னு அடுக்கறார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை"ன்னா.

சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்குப் பெரும்பாடு. அவ குரல்ல அப்படியே நீ.

"நீ எடுத்துச் சொல்லு, உன் பேச்சுன்னா கேப்பா"ங்கறே. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? லாரன்ஸ் ரோட்டுச் சந்துல, மாடிப்படிக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டரை மறந்துட்டியா? மணிக்கு இருபது ரூபா, ஆளுக்குப் பத்து. நீ முதுநகர்லேர்ந்து டவுன் பஸ்ல வரணும். (அது ஓல்டு டவுன், அதனால நீ ஓ.டி.; எங்க பக்கம் நியூ டவுன், நான் என்.டி.) ரயில்வே கேட் போட்டுட்டா நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். (இப்ப அங்க சுரங்கப்பாதை வந்துடுச்சு. மழைக்காலத்துல கேட்டே தேவலாம்னு தோணும்.) பிளைவுட் தடுப்புக்குள்ள ஒரே ஸ்டூல், ஆளுக்குப் பாதி. யாஹூ மெசஞ்சர் ஐ.டி.யும் ஒண்ணுதான், சில்வர்பீச் சந்தியா. வயசு 19, வீட்டு வாசல்ல கடல்.

பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா? முதல் பாதி நான் அடிப்பேன், நீ சுவரைப் பாத்துத் திரும்பிக்கணும். அடுத்த பாதி நீ, நான் திரும்பிக்கணும். ஒருத்தியை விட்டுட்டு இன்னொருத்தி திறந்துடக் கூடாதுன்னு நீ போட்ட சட்டம்.

வந்தவன் எல்லாம் முதல்ல "ஏ.எஸ்.எல்.?"னு கேப்பான். வயசு, ஆணா பொண்ணா, ஊரு. கடலூர்னு அடிச்சா பத்துல எட்டுப் பேர், "ஊட்டிகிட்ட இருக்கே, அந்தக் கூடலூரா?"ம்பாங்க. அங்கதான் உனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வரும். கடலை போடப் போன எடத்துல ஊருக்கு வக்காலத்து வாங்க ஆரம்பிச்சுடுவே. "கடலை போடறதுல என்னடி வெக்கம்? அது நம்ம மாவட்டத்துப் பயிரு, விருத்தாசலத்துல ஆராய்ச்சி நிலையம் வெச்சு ரகம் ரகமா கண்டுபிடிக்கறாங்க"ன்னு சொன்ன மகராசி நீதான். இன்னிக்கு உன் மக போட்டா மட்டும் கசக்குதா?

பாரிஸ்பாண்டி வந்தது அப்பதான். பூர்வீகம் பாண்டி, இருக்கறது பாரிஸ்னான். பிரெஞ்சு பாஸ்போர்ட் வெச்சிருக்கற குடும்பம் பாண்டியில எத்தனையோ, நாமளும் நம்பிட்டோம். மத்தவன் எல்லாம் "போட்டோ அனுப்பு"ன்னு ஆரம்பிச்சா இவன் ஆரம்பிச்சதே வேற மாதிரி: "கடலூரா? பாண்டிக்குப் போறப்ப பஸ்ல தூங்கிட்டா தாண்டிடுமே, அதானே?"

மூக்கு மேல கோபம் வந்துச்சு உனக்கு. பரீட்சைக்குக் கூட லைப்ரரி பக்கம் போகாதவ, அவனுக்குப் பதில் சொல்றதுக்காக என்னை இழுத்துக்கிட்டுப் போனே. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690ல மராட்டியர்கிட்டேர்ந்து இங்கிலீஷ்காரன் விலைக்கு வாங்கினது, பீரங்கியைச் சுட்டுக் குண்டு போய் விழுந்த எடம் வரைக்கும் தன் எல்லைன்னு வெச்சுக்கிட்டது, அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்தவர் அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டிக்குப் பேர் குடுத்த அதே யேல்ங்கறது எல்லாம் நமக்கு எந்த டீச்சர் சொன்னாங்க? பொறந்ததுலேர்ந்து குண்டு சாலையில சைக்கிள் ஓட்டினோம், குண்டு உப்பலவாடின்னு வாய் நிறையச் சொன்னோம், ஒரு நாளாவது ஏன்னு கேட்டோமா? ஊர் பேர் தெரியாத ஒருத்தன்கிட்ட பீத்திக்கறதுக்காகத்தான்டி நம்ம ஊரையே நாம படிச்சோம்.

அடுத்த சனிக்கிழமை நீ அடிச்சே: "1746ல பிரெஞ்சுக்காரன்கிட்ட மெட்ராஸைப் பறிகுடுத்துட்டு வந்த இங்கிலீஷ்காரங்களுக்கு எங்க ஊர்தான் தலைநகரம்." அவன், "1758ல எங்க பிரெஞ்சு தளபதி லாலி வந்து அந்தக் கோட்டையைப் புடிச்சு இடிச்சுட்டுப் போனாரே, அந்தப் பக்கத்தை யாராவது கிழிச்சுட்டாங்களா சந்தியா?" அதுக்கு அடுத்த வாரம் நீ, "1761ல உங்க பாண்டியையே தரைமட்டம் ஆக்கினது யாரு?" ரெண்டு வெள்ளைக்காரன் அடிச்சுக்கிட்டதுக்கு நாம மூணு பேர் தொடை தட்டிக்கிட்டிருந்தோம். ஆனா அந்தச் சண்டையில இருந்த ருசி, "யூ ஆர் ஸோ ஸ்வீட்"டுன்னு வழிஞ்ச மத்தவன் எவன்கிட்டயும் இல்ல.

ஒரே ஒரு தடவைதான் தோத்தோம். "புதுமைப்பித்தன் பொறந்தது எங்க திருப்பாப்புலியூர், ஜெயகாந்தன் பொறந்தது எங்க மஞ்சக்குப்பம், உங்க பக்கம் யாரு?"ன்னு கேட்டே. பாரதிதாசன்னான், பாரதியாரும்னான். "வாடகைக்கு வந்தவரைக் கணக்குல சேக்காதே"ன்னு நீ மடக்கினே. அதுக்கு அவன், "பத்து வருஷம் நாங்க வெச்சுக் காப்பாத்தினோம். 1918ல வெளியே வந்தவரைப் புடிச்சு மூணு வாரத்துக்கு மேல ஜெயில்ல போட்டது எந்த ஊரு?" நம்ம ஊர் கேப்பர் மலை ஜெயிலை நெனச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வாயே திறக்கலை. நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லி லாக் அவுட் பண்ணிட்டு ஓடி வந்தோம்.

அவன் மாட்டிக்கிட்டது 2004 ஆகஸ்ட் 14ஆம் தேதி. சனிக்கிழமை. "இந்த வாரம் ஜாலி, திங்கட்கிழமையும் லீவு"ன்னான். ஆகஸ்ட் 16க்கு பாரிஸ்ல என்னடா லீவு? 1962ல பாண்டியை சட்டப்படி நம்ம கையில குடுத்த நாளுக்கு பிரான்ஸ்லயா லீவு விடுவாங்க? நீ என் தொடையைக் கிள்ளினது ரெண்டு நாளைக்குக் கன்னிப் போயிருந்துச்சு. கேட்டுடலாம்னேன். "வேண்டாம், அவன் பாரிஸ்லயே இருந்துட்டுப் போகட்டும்"னே. நம்ம வாசல்ல கடல் இருக்கலாம்னா அவன் பாரிஸ்ல இருக்கக் கூடாதா?

அந்தக் கடல்தான் டிசம்பர் 26ஆம் தேதி வந்துச்சு. அதை உனக்கு நான் விவரிக்க வேண்டாம். மாவட்டத்துல அறுநூறு பேருக்கு மேல போயிட்டாங்க. நீ லீவுக்கு விழுப்புரத்துல உங்க அத்தை வீட்டுல இருந்தே. உங்க தெருவுக்குத் தண்ணி வரலைன்னு தெரியற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கலை. நடுவுல ஒரு நாள் பிரவுசிங் சென்டர் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போய் என்ன பண்றது, பாதி பாஸ்வேர்டுதானே என்கிட்ட.

ஜனவரி 1 சனிக்கிழமை நீ வந்தப்புறம் திறந்தா பதினாலு மெசேஜ். முதல் நாலஞ்சு, "சந்தியா இருக்கியா?" மட்டும்தான். அப்புறம் ஒண்ணு: "நான் பாரிஸ்ல இல்ல. பாண்டி, முதலியார்பேட்டை." அடுத்தது: "இன்னிக்கு தேவனாம்பட்டினம் வந்தேன். கடலைப் பாத்த வீடுன்னு சொன்னியே, அந்த வரிசையில வீடே இல்ல." கடைசி மெசேஜ் எனக்கு அப்படியே மனப்பாடம். "ஜனங்களைத் தங்க வெச்ச எடமா போய்க் கேட்டேன். சந்தியான்னு ஒருத்தியைக் காட்டினாங்க. ஆறு வயசு. அவ நல்லா இருக்கா. பிஸ்கட் குடுத்துட்டு வந்தேன்."

நீ கீபோர்டு மேல கையை வெச்சுக்கிட்டு அடிக்காமயே உக்காந்திருந்தே. தடுப்புக்கு அந்தப் பக்கம் எவனோ கேம்ஸ்ல டப்பு டப்புன்னு சுட்டுக்கிட்டிருந்தான். அப்புறம் அடிச்சே: "நாங்க ரெண்டு பேர். வீடு கடல்கிட்ட இல்ல. மன்னிச்சுடு." சந்தியா செத்தது அன்னிக்குத்தான். அதுக்கப்புறம் அவன்கிட்ட நம்மால கடலை போட முடியலை. நல்ல வேளை, அப்படித்தான் அவன் நமக்கு மிஞ்சினான். 2011ல தானே புயல் ரெண்டு ஊரையும் சேத்து அடிச்சப்ப, அங்க கரண்ட் இல்லாமயே இங்க பால் பவுடரும் மெழுகுவத்தியும் எடுத்துக்கிட்டு வந்தான். போன வாரம் ஆகஸ்ட் 16க்கும் வழக்கம்போல மெசேஜ் வந்துச்சு: "பாரிஸ்ல இன்னிக்கு லீவு." உனக்கும் வந்திருக்கும்.

இதை வெச்சுக்கிட்டு எல்லாப் பையனும் தங்கம்னு சொல்ல வரலைடி. எங்க ஆபீஸ்ல ஒரு பையன் லண்டன் டாக்டரம்மான்னு நம்பி, பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சுன்னு முப்பத்தெட்டாயிரம் கட்டினான். வெளியே சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் பண்றதுக்குள்ள ஒரு வாரம் போயிடுச்சு, பணமும் போயிடுச்சு. நாம ஊர் பேரைத் தவிர எல்லாத்துலயும் பொய் சொன்னோம். உன் மக அதுக்கு நேர் எதிர்: மொகம், காலேஜு, எந்தக் கடையில நிக்கறாங்கறது வரைக்கும் லைவ் லொக்கேஷன்ல குடுத்து வெச்சிருந்தா. அதை அணைக்கச் சொன்னேன், என்கூட பேசிக்கிட்டே அணைச்சா. காசுன்னு பேச்சு எடுத்தா அன்னியோட முடிச்சுடுன்னேன். வீடியோ கால்ல பாத்துட்டாளாம், தூத்துக்குடிதானாம், பின்னாடி அவங்க அம்மா "யார்ல அது?"ன்னு கேட்டாங்களாம். அதுக்கு மேல நான் ஒண்ணும் தோண்டலை.

குண்டு சாலைக் கதை முழுசும் சொன்னேன், எழுதி எடுத்துக்கிட்டா. மக்ரூனுக்கு என்ன பதில்னு கேட்டா, பண்ருட்டி முந்திரியை எடுத்து விடுன்னேன். மக்ரூனுக்குள்ளயே முந்திரிதானே அரைச்சுப் போடறாங்க! நம்ம காலத்துல இந்தப் பாயிண்ட் யாருக்குத் தோணுச்சு?

காத்து திரும்பினா தொழிற்பேட்டைப் பக்கத்துலேர்ந்து வீசுமே, அந்த நாத்தத்தைச் சொல்லணுமான்னும் கேட்டா. நாம கடைசி வரைக்கும் மறைச்சோம். அவ இஷ்டம்னு விட்டுட்டேன்.

யாஹூ மெசஞ்சரை 2018லயே இழுத்து மூடிட்டாங்க, அந்தப் பதினாலு மெசேஜும் எங்க போச்சோ. இத்தனை வருஷத்துல உன் பாதி என்னன்னு நானும் கேக்கலை, என் பாதியை நீயும் கேக்கலை. இனிமே திறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. என்னோடது நம்ம ஆறு, கெடிலம். கடைசி எம் மட்டும் ரெண்டு தடவை.

உன்னோடது?

உன்
என்.டி.